கருப்பட்டி இறங்காத நாள்

வாங்கண்ணே, படி கொஞ்சம் செங்குத்து, பாத்து ஏறுங்க. அந்தப் பக்கம் உக்காந்துறாதீங்க, எல்லாம் எச்சம். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. வழி விசாரிச்சு அலைஞ்சிருக்க மாட்டீங்களே? செல்லூர்ல வந்து புறாக்கார சோலைமலைன்னு கேட்டா எவனும் இந்த மாடியைக் காட்டிருவான்.

சொல்லுங்க, எதுக்குப் புறா? வீட்டுல வளக்கவா? அது சரி, வளக்கத்தான் எல்லாரும் வாங்குறாக. எதுக்குன்னு கேக்குறேன். மனசுக்கு அமைதியா இருக்கும்னு டாக்டர் சொன்னாரா! எந்த டாக்டருண்ணே அவரு? அவர் வீட்டுல புறா இருக்கா? இருக்காது. இருந்தா சொல்லியிருக்க மாட்டாரு. மீசை முளைக்கிறதுக்கு முந்தியிருந்தே நான் புறா வளக்குறேன். அமைதியா இருந்த புறாக்காரனை நான் பாத்ததில்லை.

ஏன் கேக்குறேன்னா, புறான்னா எல்லாம் ஒரே புறா இல்லண்ணே. ஒவ்வொண்ணையும் ஒவ்வொண்ணுக்குன்னு வளக்குறது. அந்தா மூலையில வாலை விசிறி மாதிரி விரிச்சு, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குதே, அது லக்கா. அழகுக்கு மட்டுந்தான். கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நிக்கிற மாதிரி நிக்கும். ஆனா இந்தச் சுவரைத் தாண்டிப் பறக்கச் சொல்லுங்க, முடியாது. பூனை வந்தா அம்புட்டுத்தான். அங்கிட்டுக் குண்டா வெள்ளையா உக்காந்திருக்கிறது கிங். கறிக்குன்னே உண்டாக்குன ஜாதி. கை கால் இழுத்துக்கிட்டவகளுக்குச் சூப்பு வைக்கணும்னு வந்து கேப்பாக, குடுப்பேன். நான் அறுக்க மாட்டேன். கொண்டு போயி அவுக என்ன செஞ்சா எனக்கென்ன.

கர்ணப் புறான்னு ஒண்ணு இருக்கு. பறந்துக்கிட்டிருக்கப்பவே ஆகாசத்துல குட்டிக்கரணம் அடிக்கும். சாதாப் புறா இருக்கு. அதுக்குப் பேருதான் சாதா, காலையில விட்டா கண்ணுக்குத் தெரியாத உசரத்துல நின்னுக்கிட்டுச் சாயங்காலந்தான் இறங்கும். சின்ன வயசுல அதுக்கெல்லாம் கழுத்து சுளுக்கிக்கிட்டு அலைஞ்சவந்தான் நான். இப்ப விட்டுட்டேன். ஆகாசத்துல கரணம் அடிச்சு யாருக்கு என்ன பிரயோசனம், சொல்லுங்க?

என் உசுரு ஹோமர்லதான் இருக்கு. இந்தா, கம்பி வலைக்குப் பின்னால சாம்பல் நிறத்துல ஒரு பகட்டும் இல்லாம உக்காந்திருக்கே, இதுதான். இதை எதுக்கு வளக்குறோம்? வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு. அம்புட்டுத்தான் இதோட வேலை. கூடையில போட்டு வேன்ல ஏத்தி நெல்லூருக்கோ ஓங்கோலுக்கோ கொண்டு போயி மூடியைத் திறந்து விட்டா, ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு நேரா இந்த மாடிக்கு வந்துரும். எப்படி வருதுன்னு எனக்குத் தெரியாது. எவனுக்கும் தெரியாது. தெரியும்னு சொல்றவன் கதை விடுறான்.

இதுல வளந்த ஜோடி வாங்கிறாதீங்க. உங்க வீட்டுல என்னதான் ராஜ உபசாரம் பண்ணி அடைச்சு வச்சாலும் திறந்த அன்னிக்கு என் வீட்டுக்கு ஓடியாந்துரும். குஞ்சாத்தான் வாங்கணும். எந்த வீட்டு ஆகாசத்தை முதல்ல பாத்துச்சோ அதுதான் அதுக்கு வீடு. பொம்பளப் பிள்ளையும் அப்படித்தானே? எங்க கட்டிக் குடுத்தாலும் பிறந்த வீடுதானே அதுக்கு வீடு? நீங்க என்ன, தலையை ஆட்ட மாட்டேங்குறீங்க?

சரி விடுங்க. இதோ பாருங்க, இவன்தான் கருப்பட்டி. கழுத்துல அந்தக் கருஞ்சிவப்பு மினுக்குதுல்ல, அதனால அந்தப் பேரு. மதுரையில இவனை மாதிரி சேவல் புறா கெடையாது. போன சீசன்ல இவன் ஜெயிச்சிருக்க வேண்டிய கோப்பை. என் மருமகனால போச்சு. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலைண்ணே. அதை யாருகிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். வீட்டுல எவளும் காது குடுத்துக் கேக்குறதில்லை.

முதல்ல அந்தச் சூட்சுமத்தைச் சொல்லணும், அப்பத்தான் புரியும். ஹோமரை வேகமா வர வைக்க ஒரு முறை இருக்கு. சேவலையும் பெட்டையையும் ஜோடி சேத்து வைப்போம். நல்லாப் பழகினதுக்கு அப்புறம் பந்தய சீசன்ல பிரிச்சிருவோம். சேவல் இங்க, பெட்டை அந்தா அந்தப் பலகை அடைப்புக்குள்ள. ஒண்ணை ஒண்ணு பாக்க முடியாது. குரல் மட்டும் கேக்கும். பந்தயத்துக்குக் கூடையில ஏத்துறப்ப பெட்டையைக் கொஞ்ச நேரம் காட்டுவோம். கொஞ்ச நேரந்தான். சேவல் கழுத்தை உப்பிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வரும், குமுறும். கிட்டப் போற நேரத்துல லபக்னு பிடிச்சுக் கூடையில போட்டுருவோம். அப்புறம் பாருங்க, வழியில தண்ணிக்குக் கூட இறங்காது. வெயிலு, மழை, பருந்து எதுவும் அதுக்குக் கண்ணுல படாது.

பெட்டை பாவமில்லையான்னு கேக்குறீங்களா? வர்ற ஆளெல்லாம் இதைத்தான் கேக்குறீங்க. பெட்டைக்கு என்னண்ணே? தீனி இருக்கு, தண்ணி இருக்கு, மேல வெயில் படலை. கொஞ்சம் உப்பிக்கிட்டு மூலையில உக்காரும், இரை எடுக்காது, அப்புறம் சரியாயிரும். இங்கிலீஷ்ல இதுக்கு விடோ சிஸ்டம்னு பேரு, விடோன்னா விதவையாம். என் வீட்டுக்காரி பஞ்சவர்ணத்துக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஆகாது. சுமங்கலி இருக்கிற வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு கத்துவா.

எனக்கு ஒரே மக, நாகஜோதி. ஜோதின்னுதான் கூப்பிடுவோம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருக்கிற அழகர்ராஜாவுக்குக் கட்டிக் குடுத்தேன். பய நல்ல பயதான், இல்லைன்னு சொல்லலை. குடி கெடையாது, பீடி கெடையாது. ஆனா பாருங்க, தலைப்பிரசவத்துக்கு ஜோதி இங்க வந்தா. ஆம்பளப் பிள்ளை. தகவல் சொன்னோம், வந்தான். பிள்ளையைத் தூக்கினான், சிரிச்சான், ஜோதி தலையைத் தடவிக் குடுத்தான். சாயங்காலம், "மாமா, கம்பெனியில லோடு ஏத்துறாக, நான் கெளம்புறேன்"னு பையைத் தூக்கிட்டான். எப்படி இருக்கும் எனக்கு? என் மக பெத்துப் போட்டுக் கெடக்கா, இவனுக்கு லோடு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவனுக்கு என் மக ரொம்ப லேசாக் கெடைச்சுட்டா, அதான் அருமை தெரியலை. இவனை ஓடி வர வைக்கணும்.

நான் ஒண்ணும் தப்பாச் செய்யலை. எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன், அம்புட்டுத்தான்.

வழக்கமாப் பிள்ளைக்குத் தலை நிக்கவும் கொண்டு போய் விட்டுருவாக. நான் விடலை. ஆடி மாசம் அனுப்பக் கூடாதுன்னேன். ஆடி முடிஞ்சதும் குலசாமிக்கு மொட்டை போட்டுட்டுப் போகட்டும்னேன். மொட்டை போட்டதும், அங்க ஒத்த ரூம்ல கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படி இருப்பா, பெரிய வீடாப் பாருங்க மாப்ள, அப்புறம் அனுப்புறேன்னேன். இதுல என்ன தப்பு? எந்தத் தகப்பனும் சொல்றதுதானே? போனு எங்கிட்டதான் இருக்கும். கைப்பிள்ளைக்காரி கிட்ட போன் இருக்கக் கூடாது, அந்தக் கதிரு பிள்ளை மூளைக்கு ஆகாதுன்னு டிவியில சொன்னாக. அவன் கூப்பிட்டா நான் எடுப்பேன். "ஜோதி தூங்குறா மாப்ள"ம்பேன். சில நேரம் அவ பக்கத்துலயே நிப்பா.

ஞாயித்துக்கிழமை வருவான். மரியாதையா வாங்க மாப்ளன்னு உக்கார வச்சு, காப்பி குடுத்து, பிள்ளையைக் கொண்டாந்து காட்டச் சொல்லுவேன். ஜோதி வருவா, நிலைப்படியில நிப்பா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிப்பாக, பேசவா வேண்டாமான்னு. "சரித்தா, பிள்ளைக்குப் பசிக்கும், உள்ள போ"ன்னுருவேன். அவ்வளவுதான்.

வேலை செஞ்சுச்சுண்ணே! சத்தியமா வேலை செஞ்சுச்சு. மாசத்துக்கு ஒருக்கா வந்தவன் வாராவாரம் வந்தான். அப்புறம் வாரத்துக்கு நடுவுலயும் லீவு போட்டுட்டு வந்தான். தெருமுனையில வர்றப்பவே நடை மாறிரும். பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, "பாத்தியாடி, எம்புட்டு வேகமா வாறான்"னேன். அவ மூஞ்சியைச் சுளிச்சா. "ஏங்க, அவரு என்ன உங்க புறாவா? பெத்த பிள்ளையைக் கையில வாங்கவே உங்க மூஞ்சியைப் பாத்துப் பாத்து வாங்குறாரு, பாக்கச் சகிக்கலை"ன்னா. பொம்பளைகளுக்கு என்ன தெரியும்? அவளுக்கு மூலையில நின்னு அழத்தான் தெரியும்.

ஜோதி அமைதியான பிள்ளை. கொஞ்சம் மெலிஞ்சா. பால் கூட சீக்கிரமே நின்னுபோச்சு, அது அவ ஆத்தா வழி உடம்பு. ஒரே ஒரு தடவை மாடிக்கு ஏறி வந்து, "அப்பா, நான் ஊருக்குப் போறேன்ப்பா"ன்னா. நான் கூண்டு கழுவிக்கிட்டிருந்தேன். "போலாம்த்தா, இப்ப என்ன அவசரம், உனக்கு இங்க என்ன குறை"ன்னேன்.  பலகை அடைப்பைத் திறந்து கருப்பட்டியோட பெட்டையைக் கையில எடுத்துத் தடவிக்கிட்டிருந்தா. உள்ள வை, ஆத்தா, கையில எடுத்தா பழக்கம் கெட்டுப்போயிரும்னு சொன்னேன். வச்சுட்டு இறங்கிப் போயிட்டா.

இப்ப அந்தப் பந்தயத்துக்கு வாறேன். நெல்லூர்ல திறந்து விட்டாக. மதுரையில எல்லாப் புறாக்காரனும் மாடியில ஏறி வடக்கப் பாத்துக்கிட்டு நிக்கிறான். என் மாடியிலயும் கூட்டம், புறாச் சங்கத்து ஆளுக எல்லாம் இருந்தாக. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, இதுல புறா வந்தா மட்டும் பத்தாது. கூண்டுக்குள்ள இறங்கணும். இறங்கி, நான் பிடிச்சு, கால்ல போட்ட ரப்பர் வளையத்தைக் கழட்டி, வந்த நேரத்தைப் பதியுற பெட்டிக் கடிகாரத்துல போட்டுத் திருகணும். அப்பத்தான் வந்ததாக் கணக்கு. வாசல்ல வந்து உக்காந்துக்கிட்டு உள்ள வரலைன்னா வராததுக்குச் சமம். அதனால புறா இறங்குற நேரத்துல மாடியில ஒரு ஆளு அசையக் கூடாது. புது ஆளு நிக்கவே கூடாது. பளிச்சுன்னு சட்டை போட்டவனைக் கண்டா அது மெரண்டுரும்.

யானைமலைப் பக்கம் ஒரு புள்ளி தெரிஞ்சுச்சு. எனக்குத் தெரியும்ணே, புள்ளியாத் தெரியுறப்பவே எனக்குத் தெரியும், அது கருப்பட்டின்னு. ஊருக்குள்ள வேற எவன் புறாவும் இன்னும் வரலை. றெக்கையை மடக்கிக்கிட்டுக் கல்லு விழுற மாதிரி விழுந்துக்கிட்டிருக்கான்.  சங்கத்து ஆளுக எல்லாம் சுவரோட சுவரா ஒட்டி உக்காந்துட்டாக.

அப்பப் பாத்து ஏறி வாறான் என் மருமகன். மஞ்சச் சட்டை! எரியுற மஞ்சள்ல ஒரு சட்டை! விறுவிறுன்னு வந்து கூண்டு வாசலுக்கு நேரா நின்னுக்கிட்டு, "மாமா, ஜோதியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்"ங்குறான். மேல கருப்பட்டி கால் நீட்டிட்டான். சட்டையைப் பாத்தான், விர்ருன்னு ஏறிட்டான். எதுத்த வீட்டுத் தண்ணித் தொட்டி மேல போயி உக்காந்துட்டான்.

என்ன வந்துச்சுன்னு தெரியலை எனக்கு. "எவன்டா உன்னைய மேல வரச் சொன்னது? எறங்குடா கீழே"ன்னு கத்திட்டேன். அம்புட்டு ஆளுகளும் பாக்குறாக. அவன் அசையாம நிக்கிறான். "மாமா, நான் பேசிட்டுப் போயிருறேன்"ங்குறான். தோளைப் பிடிச்சு ஒரு தள்ளுத் தள்ளினேன். லேசாத்தான். கம்பி வலையில போயி விழுந்தான், முழங்கை கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. உள்ள இருந்த புறா எல்லாம் படபடன்னு அடிச்சுக்கிருச்சு. அவன் எந்திரிச்சான், என்னைய ஒரு பார்வை பாத்தான், இறங்கிப் போயிட்டான். கீழ ஜோதி ஏதோ சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சு. நான் இறங்கலை. எப்படி இறங்குறது, கருப்பட்டி தொட்டி மேல இருக்கான்ல?

கருப்பட்டி தொட்டியை விட்டு வந்து உள்ள இறங்குறதுக்குள்ள கோப்பை ஆரப்பாளையத்து சர்புதீன் பாய் வீட்டுக்குப் போயிருச்சு. ஊருக்கே முதல்ல வந்தவன் என் கருப்பட்டி! வந்தும் இல்லாமப் போச்சு. சங்கத்துல ஒருத்தன் கூட எனக்காகப் பேசலை. "உன் மருமகனை அப்படித் தள்ளியிருக்கக் கூடாது"ங்குறாய்ங்க. கோப்பையை விட்டுட்டு அதையே பேசுறாய்ங்க.

அதுக்கப்புறம் மருமகன் வரலை. ரோசம். தணிஞ்சதும் வருவான்னு இருந்தேன். பஞ்சவர்ணம் ஒருநாள் சோத்தைப் போட்டுக்கிட்டே சொல்றா, அன்னிக்கு அவன் சொல்ல வந்த விசயம் என்னன்னா, ரெண்டு ரூம் வச்சு வீடு பிடிச்சுட்டானாம். தொட்டில் கட்டக் கொக்கி கூட அடிச்சு வச்சிருந்தானாம். அதை எங்கிட்டச் சொன்னானா? எங்கிட்டச் சொல்லலையே. சொல்லியிருந்தா நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?

பிள்ளை தவழ்ந்து, இப்பச் செவத்தைப் பிடிச்சு நிக்கவும் ஆரம்பிச்சிருச்சு. அவன் போனும் பண்றதில்லை. பிரிச்சு வச்சு ரொம்ப நாளானா சில சேவல் வேற வீட்டுக் கூண்டுல இறங்கிரும்ணே. அது ஜாதி சரியில்லைன்னு அர்த்தம். வளத்தவன் மேல அதுல குத்தமில்லை. ஆனா அழகர்ராஜா அப்படிப்பட்டவன் இல்லை. நான் பாத்து எடுத்த மாப்பிள்ளை. வருவான்.

என்ன சத்தமா? அது ஒண்ணுமில்லண்ணே, கீழ கேட்டைப் பிடிச்சு ஆட்டுறா. ஜோதிதான். ஆட்டட்டும்.

காலையில கெளம்பி நிக்கிறா, பிள்ளைக்குக் குல்லா எல்லாம் போட்டு. "எங்கத்தா?"ன்னேன். "திருப்பூருக்கு"ன்னா. "அவன் வந்து கூப்பிடட்டும், அதான் மரியாதை"ன்னேன். என் மூஞ்சியை நேராப் பாத்து, "அவரு இந்த வீட்டுக்கு வரமாட்டாருப்பா. நான் போறேன்"ங்குறா. இதுவரைக்கும் என்னைய அப்படிப் பாத்ததே இல்லைண்ணே அவ. எனக்குப் பயமாப் போச்சு. கேட்டைப் பூட்டிட்டேன். உங்களுக்காகத் திறந்தேன், நீங்க உள்ள வரவும் மறுபடி பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல இருக்கு. நீங்களே சொல்லுங்க, பெட்டையை எவனாவது சேவலைத் தேடி அனுப்புவானா? இம்புட்டுக் காலம் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா அவனே வந்து நிப்பான். இப்ப இவளா போயி நின்னா என்ன மதிப்பு?

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்கண்ணே. இது எங்க வீட்டு விசயம். தகப்பன் மகளைப் பூட்டி வைக்காம வேற எவன் பூட்டுவான்?

அந்தா, சத்தம் நின்னுபோச்சு பாத்தீங்களா. அடங்கிட்டா. அவ்வளவுதான் அவ கோவம்.

இருங்க. பின்கதவு மாதிரி கேட்டுச்சே. சந்துப் பக்கம் இருக்கிற கதவு, அதைத் திறந்து எவ்வளவோ காலமாச்சு. அதுக்குச் சாவி பஞ்சவர்ணம் கிட்டதானே இருக்கு.

இங்க வாங்கண்ணே, இந்தச் சுவர்கிட்ட வாங்க. அந்தா சந்து முனையில போறது யாரு? எனக்கு ஆகாசத்துல புள்ளி தெரியும், தெருவுல போற ஆளு இப்பல்லாம் சரியாத் தெரியலை. ஜோதியா? பிள்ளை இடுப்புல இருக்கா? பின்னால பையைத் தூக்கிட்டுப் போறது பஞ்சவர்ணமா? ஏத்தா! ஜோதி! ஏத்தா, நில்லு!

திரும்பவே மாட்டேங்குறா. ஆட்டோ நிக்குது. ஆட்டோ பக்கத்துல ஒரு ஆளு நிக்கிறானே, யாருண்ணே அது? பிள்ளையை வாங்குறான். பிள்ளை அவன் கிட்டப் போகுது... அழகர்ராஜா! அண்ணே, அது என் மருமகன்ணே! வந்துட்டாரு! நான் சொன்னேனா இல்லையா, வருவாருன்னு? மாப்ள! மாப்ளேய், இங்க, மேல!

பாத்துட்டாரு. என்னையத்தான் பாக்குறாரு. வாங்க மாப்ள, இந்தா வந்து கதவைத் திறக்குறேன்! ...ஏன் ஆட்டோவுல ஏறுறாரு? இம்புட்டுத் தூரம் வந்துட்டு வீட்டுக்குள்ள வராமப் போனா எப்படிண்ணே? ஜோதி ஏறிட்டா. பஞ்சவர்ணம் வழியனுப்பத்தான் போயிருப்பா, அவ வந்துருவா. ஏய், பஞ்சு! இவ எதுக்கு ஏறுறா?

போயிருச்சு.

எனக்கு என்ன செய்றதுன்னு தெரியலைண்ணே. நான் என்ன குறை வச்சேன் அவளுக்கு? ஒரு வாய் சோறு குறைச்சேனா? ஒரு வார்த்தை, போறேன்ப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? பஞ்சவர்ணம் எப்பக் கூப்பிட்டா அவரை, எந்தப் போன்ல கூப்பிட்டா? எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சே.

வாசல் கேட்டு பூட்டினபடியேதான் கெடக்கு. இப்ப அந்தப் பூட்டுக்குள்ள நீங்களும் நானுந்தாண்ணே இருக்கோம். இந்தாங்க சாவி. நீங்களே போய்த் திறந்துக்கங்க.